உச்சியிலிருந்து தெரிந்த கூரை

ஃபென்ட்
13 செப்டம்பர் 1953

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆண்டவருக்குத் தோத்திரம். தங்கை ஓட்டிலி எழுதுவது. நானும் என் வீட்டுக்காரர் கெபார்டும் சுகமாக இருக்கிறோம். அவருக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. மலைக்கு ஆள் கூட்டிப் போகிறவருக்கு முழங்கால்தான் பிழைப்பு, என்ன செய்வது? உங்கள் உடம்பு எப்படி? ஹெட்விக் அண்ணி போன பிறகு நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். எந்நேரமும் ரொட்டியும் புகைபோட்ட கறியும் தின்றால் வயிறு என்னத்துக்கு ஆகும்?

இந்தக் கடிதத்தை நம் தம்பி விகிலிடமே கொடுத்தனுப்புகிறேன். நாளை அவன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கணவாய் ஏறுகிறான். தபாலில் போட்டால் அது ரயிலேறி, நாட்டு எல்லை கடந்து, மலைத்தொடரையே ஒரு சுற்று சுற்றித்தான் ஷ்னால்ஸுக்கு வரும். உறையை ஒட்டியிருக்கிறேன். அவன் பிரிக்க மாட்டான். பிரித்தால் தன்னைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்த்து வெட்கத்தில் பனிப்பிளவுக்குள் விழுந்து வைப்பான்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். விகில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறான். பெயர் சென்ஸி. எங்கள் ஊர் விடுதியில் வேலைக்காரி. கோடை முழுக்க அவன் ஆடுகளோடு எங்கள் பக்கத்து மேய்ச்சலில்தானே கிடக்கிறான்? ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இறங்கி வருகிறபோது பழக்கம். மாதா விண்ணேற்புத் திருநாளன்று விடுதிக்காரி அவளுக்கு விடுமுறை கொடுத்தாள். "காசு குடுத்து வர்றவங்கல்லாம் அந்த வெள்ளை மண்டையில என்னத்தத்தான் பாக்குறாங்கன்னு நானும் ஒரு தடவை பாத்துடறேன்" என்று சென்ஸி கிளம்பிவிட்டாள். கெபார்டும் விகிலும் கயிறு கட்டி அவளை சிமிலவுன் மலை உச்சிக்குக் கூட்டிப் போனார்கள்.

கெபார்ட் வந்து சொல்லிச் சிரித்தார். உச்சியில் நின்று எல்லோரும் வடக்கே பனியைப் பார்ப்பார்களாம். இவள் தெற்கே உங்கள் பள்ளத்தாக்கையே பார்த்துக்கொண்டு, "அந்தப் பெரிய கூரை யாரோடது?" என்று கேட்டாளாம். "எங்க வீடு" என்றானாம் நம் தம்பி. அன்றிலிருந்து அவன் கால் தரையில் இல்லை.

அண்ணா, பண்ணையைப் பிரிக்கச் சொல்லவில்லை. மூத்தவனுக்கே முழுப் பண்ணை என்பது நம் வழக்கம், அதில் எனக்கும் அவனுக்கும் வாய் திறக்க இடமில்லை. அப்பா கடைசியில் படுத்திருந்த சின்ன வீடு முற்றத்தில் பூட்டித்தானே கிடக்கிறது? அதில் அவர்கள் குடியிருக்கட்டும். உங்கள் சம்மதம் இல்லாமல் அவன் கட்ட மாட்டான், சாமியாரும் கட்டி வைக்க மாட்டார். விகில் வேலைக்காரனாக இருந்தால் பிப்ரவரியில் மெழுகுவர்த்தித் திருநாளன்று கூலியை வாங்கிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போயிருப்பான். தம்பியாகப் பிறந்துவிட்டான். கூலியும் இல்லை, போகவும் வழியில்லை. அவனுக்கும் வயது முப்பத்து நாலு ஆகிறது.

நல்ல பதிலாக எழுதுங்கள்.

உங்கள் தங்கை
ஓட்டிலி


ஷ்னால்ஸ்
2 நவம்பர் 1953

அன்புள்ள தங்கை ஓட்டிலிக்கு,

இறந்தோர் திருநாளும் அதுவுமாக எழுதுகிறேன். அப்பா, அம்மா, ஹெட்விக் மூவருக்கும் பூசை வைத்துவிட்டு வந்தேன். நான் சுகம். கெபார்டின் முழங்காலுக்கு மலையில் பிடிக்கிற மர்மோட்டின் கொழுப்பைச் சூடாக்கித் தேய்க்கச் சொல்.

ஆடுகள் வந்து சேர்ந்தன. ஒன்று நொண்டுகிறது. இரண்டாவது புல் அறுப்பு மழையில் கெட்டுப்போனது. பழுப்புப் பசு கன்று தங்காமல் ஏமாற்றிவிட்டது. சிமிலவுன் மேல் இப்போதே மேகம் தொப்பி போட்டு உட்கார்ந்திருக்கிறது, இந்த வருஷம் பனி சீக்கிரம் வரும். வீட்டில் பெண்பிள்ளை இல்லாததால் பாலும் வெண்ணெயும் வீணாகின்றன. கூலிக்கு வந்த கிழவி கஞ்சியைத் தீய்க்கிறாள், கேட்டால் காது கேட்காதவள்போல் இருக்கிறாள்.

நீ எழுதிய விஷயத்தைப் படித்தேன். சின்ன வீடு சும்மா கிடக்கிறது என்று உனக்கு யார் சொன்னது? அதில் விதை உருளைக்கிழங்கு இருக்கிறது. ஒரு பண்ணையில் இரண்டு அடுப்பு எரிந்தால் என்ன ஆகும் என்று அப்பா அடிக்கடி சொன்னது உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. இன்றைக்கு அடுப்பு, நாளைக்குப் பிள்ளைகள், மறுநாள் பங்கு. பார்க்கலாம். பனிக்காலம் போகட்டும்.

அந்தப் பெண் யார் வீட்டுப் பெண்? மாடு கறக்கத் தெரியுமா, இல்லை விடுதியில் தட்டுக் கழுவிய கை மட்டும்தானா?

விகில் சுகம். உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னான்.

அண்ணன்
கசியான்


ஃபென்ட்
24 நவம்பர் 1953

அன்புள்ள அண்ணனுக்கு,

தோத்திரம். உங்கள் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. இங்கே ஜன்னல் பாதி வரைக்கும் பனி. மர்மோட் கொழுப்பு தேய்த்ததில் முழங்கால் தேவலை, ஆனால் வீடே நாறுகிறது. நீங்கள் சுகமாக இருப்பது சந்தோஷம்.

"பார்க்கலாம்" என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் வாயிலிருந்து "முடியாது" என்று வராமல் "பார்க்கலாம்" வந்ததே பாதிக் கல்யாணம் என்றார் கெபார்ட். மாடு கறப்பாளா என்று வேறு கேட்டிருக்கிறீர்கள். கேளுங்கள் அண்ணா, நன்றாகக் கேளுங்கள், சொல்கிறேன்.

சென்ஸி கீழே ஊட்ஸ் பள்ளத்தாக்குப் பெண். அப்பா மரம் சாய்ந்து செத்தார். அம்மா ஊரார் துணி வெளுத்து ஒரு வீடு நிறையப் பெண்களை வளர்த்தாள். பத்து வயதிலிருந்து அடுத்தவர் மாட்டைக் கறந்த கை அவளுடையது. உதைக்கிற பசுவைக்கூட ஏதோ முணுமுணுத்தே நிற்க வைத்துவிடுவாள். விறகு பிளப்பாள். அவள் சுடுகிற கம்பு ரொட்டி ஒரு மாதமானாலும் பூசணம் பிடிக்காது. இருபத்தேழு வயது. ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்து நான் பார்த்ததில்லை. நல்ல உயரம், இடுப்பில் பலம், பிள்ளை பெறச் சிரமப்பட மாட்டாள்.

வாயும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மியூனிக்கிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர், "இந்த ரொட்டி உருண்டை கல்லு மாதிரி இருக்கே" என்று தட்டைத் தள்ளினார். "மலை பாக்கத்தானே வந்தீங்க ஐயா, கல்லு இல்லாம ஏது மலை?" என்று தட்டைத் திரும்ப அவர் முன்னாலேயே வைத்தாள். விடுதியே சிரித்தது. அவர் முழுசாகத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டார்.

எனக்கு ஒரு யோசனை. மெழுகுவர்த்தித் திருநாளோடு விடுதியில் அவள் வருஷம் முடிகிறது. உங்களுக்கும் வீட்டில் ஆள் இல்லை. முதலில் அவளை வேலைக்காரியாக எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பாருங்கள், கை வேலையைப் பாருங்கள். நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். பிடித்திருந்தால் ஈஸ்டருக்குப் பிறகு சின்ன வீட்டுக் கதவைத் திறந்துவிடுங்கள். உருளைக்கிழங்கு எங்கே வேண்டுமானாலும் இருக்கும்.

விகிலுக்கு என் முத்தம்.

ஓட்டிலி


ஷ்னால்ஸ்
3 டிசம்பர் 1953

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது, இன்றே எழுதுகிறேன். சுகம்.

உன் யோசனை சரி. மெழுகுவர்த்தித் திருநாளுக்கு மறுநாள் மெரான் ரயில் நிலையத்துக்கு வண்டியோடு நானே வந்து அழைத்துக்கொள்வேன். எல்லைக் காகிதங்களை அவள் ஊர்ச் சாமியாரிடமும் பதிவு அலுவலகத்திலும் இப்போதே வாங்கச் சொல். விடுதியில் கொடுத்த கூலியே இங்கேயும்.

விகிலிடம் நீ எதுவும் எழுத வேண்டாம். ஆசை காட்டிவிட்டு நடக்காமல் போனால் வருத்தப்படுவான். நானே சமயம் பார்த்துச் சொல்கிறேன்.

அவள் பற்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றனவா? வீட்டில் யாருக்கும் நெஞ்சு நோய் இருந்ததா? ஹெட்விக் விஷயத்தில் இதையெல்லாம் விசாரிக்காமல் விட்டோம்.

விகில் சுகம். கிறிஸ்து பிறப்பு வாழ்த்து.

கசியான்


ஃபென்ட்
14 மார்ச் 1954

அன்புள்ள அண்ணனுக்கு,

தோத்திரம். எல்லோரும் சுகம்தானே? சென்ஸியை அனுப்பி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வந்து சேர்ந்தாள் என்று ஒரு வரி இல்லை. பிப்ரவரியில் ஒன்று எழுதினேன், அதற்கும் பதில் இல்லை. எங்கள் பக்கம் பனிச்சரிவு விழுந்து பாதை மூடி, தபால்காரர் வராமல் இருந்தது உண்மைதான். ஆனால் வழி திறந்து நாளாகிறது. மற்றவர் கடிதங்கள் எல்லாம் வருகின்றன.

அவள் கிளம்பிய அன்று நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன். ஒரு தகரப் பெட்டி, ஒரு துணி மூட்டை. பஸ் புறப்படும்போது தலையை வெளியே நீட்டி, "அக்கா, சின்ன வீட்டுல அடுப்பு நல்லா இருக்கா? இல்லன்னா களிமண் பூசணும், சொல்லுங்க" என்று கத்தினாள். வண்டிக்காரர் முதல் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நம் தம்பிக்கு ஒரு வாழ்க்கை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

விகில் அவளைப் பார்த்ததும் என்ன செய்தான்? எழுதுங்கள் அண்ணா. அவன் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டான், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றியிருப்பான். இங்கிருந்து பார்த்தால் சிமிலவுன் வெறும் பனி மதிலாக நிற்கிறது. அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாமல் தவிக்கிறேன்.

கவலையோடு
ஓட்டிலி


ஷ்னால்ஸ்
28 மார்ச் 1954

அன்புள்ள தங்கைக்கு,

எல்லோரும் சுகம். வேலை அதிகம், அதனால் எழுதவில்லை. வீணாகப் பதறாதே.

அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். நீ எழுதியபடியே இருக்கிறாள். வெண்ணெய் நன்றாகத் திரள்கிறது. கிழவியை அனுப்பிவிட்டேன். பழுப்புப் பசு இவளிடம் மட்டும் காலைத் தூக்குவதில்லை. பார்லிக் கஞ்சி ஹெட்விக் வைத்ததைவிட நன்றாக இருக்கிறது, அவள் ஆன்மா சாந்தி அடையட்டும். தவக்காலம் என்பதால் கறி கிடையாது, ஆனாலும் எனக்குச் சற்று எடை கூடியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குச் சேர்ந்து போகிறோம்.

விகில் மேல்காட்டில் மரம் வெட்டுகிறான். பிப்ரவரி தொடக்கத்திலிருந்தே அங்கேதான். ரொட்டி வாங்க வாரம் ஒருமுறை இறங்கி வருகிறான். நல்ல வேலை செய்கிறான்.

சின்ன வீட்டு உருளைக்கிழங்கைக் காலி செய்துவிட்டேன். கூரைக்குப் புதுப் பலகை அடிக்கச் சொல்லியிருக்கிறேன். அடுப்புக்குக் களிமண்ணும் பூசியாயிற்று. உனக்குத் திருப்திதானே?

கெபார்டை விசாரித்ததாகச் சொல்.

கசியான்


ஃபென்ட்
5 ஏப்ரல் 1954

என் தங்கமான அண்ணனுக்கு,

தோத்திரம், தோத்திரம்! கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியில் கெபார்டைப் பிடித்துக்கொண்டு ஆடினேன். "என் முழங்காலை விடுடீ" என்று அலறினார். இதற்கு மேல் எங்களுக்குச் சுகத்தில் என்ன குறை?

உங்களைக் கல்நெஞ்சு என்று நினைத்தேன் அண்ணா, மன்னித்துவிடுங்கள். உங்கள் பக்கத்து சிமிலவுன் மாதிரி ஒரே பாறை என்று கெபார்டிடம் சொல்லியிருக்கிறேன். புதுப் பலகை, களிமண் எல்லாம் கேட்காமலே செய்திருக்கிறீர்கள். அப்பா இருந்தால்கூட இவ்வளவு செய்திருக்க மாட்டார்.

அவனை மட்டும் ஏன் காட்டிலேயே போட்டு வைத்திருக்கிறீர்கள்? கல்யாணத்துக்கு முன்னால் ஒரே கூரையின் கீழ் இருப்பது சரியில்லை என்று நினைத்தீர்களாக்கும். அதுவும் நியாயம்தான்.

இத்துடன் ஒரு பொட்டலம் வருகிறது. என் கல்யாணத்துக்கு அம்மா நெய்து கொடுத்த லினன் விரிப்பு. ஓரத்தில் நீலப் பூ வேலை செய்தது. எனக்குப் பிள்ளைகள் இல்லை, அதை விரித்துப் பார்த்து வருஷங்கள் ஆகிவிட்டன. புது மணமக்கள் கட்டிலில் விரியுங்கள். சென்ஸியிடம், வெயிலில் காயப் போட வேண்டாம், நூல் பழுத்துவிடும் என்று சொல்லுங்கள்.

கோயிலில் கல்யாண ஓலை எப்போது வாசிக்கிறார்கள்? கணவாய் திறக்காததால் கல்யாணத்துக்கு வர முடியாது. ரயிலில் சுற்றி வரக் கெபார்டின் முழங்கால் விடாது. ஜூன் மாதம் ஆடுகளோடு விகில் வரும்போது கட்டிப்பிடித்துக்கொள்கிறேன்.

சந்தோஷத்தோடு

ஓட்டிலி


ஷ்னால்ஸ்
2 மே 1954

அன்புள்ள தங்கைக்கு,

சுகம், சுகமறிய விருப்பம். பனி உருகி ஓடை நிறைந்து ஓடுகிறது. ஆட்டுக்குட்டிகள் நன்றாக இருக்கின்றன. பழுப்புப் பசு சினை பிடித்துவிட்டது.

ஈஸ்டர் கழிந்து கல்யாணம் முடிந்தது. கோயிலில் மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தார்கள், யாரும் தடை சொல்லவில்லை. பூசையைச் சுருக்கமாக வைத்துக்கொண்டோம், எனக்கு இது இரண்டாவது என்பதால் மேளதாளம் வேண்டாம் என்றேன். சென்ஸி நீ எழுதியபடியே எல்லா விதத்திலும் பொருத்தமானவள். பண்ணைக்கு ஒரு வீட்டுக்காரி வேண்டும், வாரிசு வேண்டும். நாற்பத்தெட்டு வயதில் நான் எங்கே போய்த் தேடுவது? இனி அவள் உனக்கு அண்ணி. மரியாதையோடு எழுது.

நீ அனுப்பிய விரிப்பு பெரிய கட்டிலுக்குச் சரியாக இருக்கிறது. நன்றி.

விகிலுக்குச் சின்ன வீட்டைக் கொடுத்துவிட்டேன். கூரை புதுசு, அடுப்பு புதுசு. தனியாக இருக்கிறான், சௌகரியமாக இருக்கிறான். நீ கேட்டதெல்லாம் செய்துவிட்டேன். இனி இதைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

கசியான்


ஷ்னால்ஸ்
11 ஜூன் 1954

ஓட்டிலி அக்காவுக்கு,

ஆண்டவருக்குத் தோத்திரம். சென்ஸி எழுதுகிறேன். நான் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. "வெட்கம் கெட்டவளே, உன்னை என் கையாலே பஸ் ஏற்றினேனே" என்று எழுதியிருந்தீர்கள். அதை உங்கள் அண்ணன் கண்ணில் படாமல் அடுப்பில் போட்டேன். அவர் என்னை அண்ணி என்று எழுதச் சொன்னாராம். வேண்டாம் அக்கா. சென்ஸி என்றே திட்டுங்கள்.

என் பக்கத்தையும் ஒரு தடவை கேளுங்கள். மலை உச்சியில் நின்று "எங்க வீடு" என்று விகில் கை காட்டினார். பொய் சொல்கிற மனிதர் இல்லை அவர், அதனால் நம்பினேன். வந்து பார்த்தால் அந்தக் கூரையில் ஓர் ஓடுகூட அவருடையது இல்லை. நீங்களாவது சொன்னீர்களா? உங்களுக்கெல்லாம் அது பழகிப்போன வழக்கம், சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. ஆனாலும் சின்ன வீடு போதும் என்றுதான் இருந்தேன். களிமண்ணை என் கையாலேதான் பிசைந்து அடுப்புக்குப் பூசினேன்.

நான் வந்த மறுநாளே விகிலை மேல்காட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மார்ச் மாதம் உங்கள் அண்ணன் சாப்பிட்டு முடித்து, முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியில் கரண்டியைக் கழுவிக்கொண்டே கேட்டார். "விகில் கூட இருந்தா காலம் பூரா நீ என் வீட்டுல வேலைக்காரிதான். எங்கூட இருந்தா நீ வீட்டுக்காரி. யோசிச்சுக்க." அதட்டவில்லை. கையைத் தொடவில்லை. மாடு விலை பேசுகிற மாதிரி நிதானமாகக் கேட்டார்.

அந்த வாரம் விகில் ரொட்டி வாங்க வந்தபோது அடுப்படி வாசலில் நிறுத்திச் சொன்னேன். தோளில் கோடாலியோடு நின்றார். "அண்ணன் கேட்டுட்டாரா? அப்ப அவருக்குத்தான். எங்க வீட்டுல எல்லாம் மூத்தவருக்குத்தான் முதல்ல" என்றார். ரொட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார் அக்கா! "வா, போயிடலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு பனியில் நடந்திருப்பேன். முற்றம் தாண்டும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். திரும்பவில்லை.

பத்து வயதிலிருந்து அடுத்தவர் கூரையின் கீழ் தூங்கியவள் நான். எனக்காக ஒரு வார்த்தை பேசாதவருக்காகச் சாகிறவரை வேலைக்காரியாக இருக்க என்னால் முடியவில்லை. அதனால் சரி என்றேன். அதன் பிறகு என்னைத் தொட உங்கள் அண்ணன் கல்யாணம்வரைகூடக் காத்திருக்கவில்லை.

இந்தக் கடிதத்தை ஆடுகளோடு வருகிற விகிலிடமே கொடுத்தனுப்புகிறேன். தபாலுக்குப் போட்டால் உங்கள் அண்ணன் பார்ப்பார். வாங்கும்போது விகில் என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைக்குள் வைத்து, நனையாமல் இருக்கப் பொத்தான் போட்டுக்கொண்டார். அவருக்கு வயிறு நிறையச் சாப்பாடு போடுங்கள்.

சென்ஸி


ஃபென்ட்
17 செப்டம்பர் 1954

கசியானுக்கு,

உன் தங்கைதான் எழுதுகிறேன். நான் சுகமில்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய், அதனால் கேட்கவில்லை.

கோடை முழுக்க உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் என்ன எழுதுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது. உனக்குப் பதில் சொல்லத் தெரியும் என்றும் தெரியும். "நீதானே அனுப்பினாய்" என்பாய். ஆமாம், நான்தான் அனுப்பினேன். பல்லிலிருந்து இடுப்புவரை எழுதி, சந்தையில் பசுவை நிறுத்துகிற மாதிரி உன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். தம்பிக்குப் பெண் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு உனக்குப் பெண் காட்டியிருக்கிறேன். இதை நினைத்தால் என் நெஞ்சு எரிகிறது.

உனக்குப் பண்ணை இருந்தது. காடு, மாடு, கோயிலில் முன்வரிசைப் பெஞ்சு எல்லாம் இருந்தது. அவனுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. அதையும் விட்டுவைக்க உனக்கு மனசு வரவில்லையே, நீயெல்லாம் ஒரு அண்ணனா?

மூன்று மாதமும் அவன் மேய்ச்சல் குடிசையிலேயே கிடந்தான். பூசைக்குக்கூட இறங்கவில்லை. ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நான் அழுதுகொண்டே திரும்புவேன். கெபார்ட் அவனுக்காக ஊர் ஊராக அலைந்தார். மலை வழிகாட்டிகள் சங்கத்தில் அவனைச் சுமைகாரனாகச் சேர்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். அடுத்த வருஷம் வழிகாட்டியே ஆகலாம், சிமிலவுனை அவனைவிட அறிந்தவர் யார் என்றார்கள். எங்கள் மேல் அறையை அவனுக்கென்று ஒழித்து வைத்தேன்.

ஆடுகள் திரும்புகிற அன்று நானும் கூடவே பனியாறு ஏறிக் கணவாய்வரை போனேன். புதுப்பனி விழுந்து ஆடுகள் வயிறுவரை புதைந்து போய்க்கொண்டிருந்தன. எல்லைக் கல்லின் பக்கத்தில் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"போகாதடா. ஆட்டை ஓட்டிவிடு, அந்தப் பக்கம் ஆளுங்க நிக்கிறாங்க, பிடிச்சுக்குவாங்க. நீ எங்கூட இறங்கி வா."

"அண்ணன் வீட்டுப் புல்லு இன்னும் உள்ள வரலைக்கா."

"அண்ணன் அள்ளட்டும்! அந்த ஆளுக்குக் கையில்லையா? உன்னைக் குழி தோண்டிப் புதைச்சவனுக்கு நீ புல்லு அள்ளப் போறியா?"

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். பிறகு சொன்னான்: "அவ மாசமா இருக்காக்கா. தண்ணித் தொட்டிக்குப் போற படிக்கட்டுல பனிக்காலத்துல ஐஸ் கட்டும், வழுக்கும். யாரு வெட்டி விடுவா? அண்ணனா? அவரு வெட்ட மாட்டாரு, உனக்கே தெரியும்."

என் பிடி தானாக விட்டுவிட்டது. அவன் ஆடுகளுக்குப் பின்னால் உன் பக்கம் இறங்கிப் போனான்.

அவனுக்காக உன்னிடம் இனி பெரிதாக எதுவும் கேட்கப் போவதில்லை. அந்தச் சின்ன வீட்டை மட்டும் அவனிடமிருந்து பிடுங்காதே. உன் சாப்பாட்டு மேசையில் அவனுக்கு ஓர் இடம் இருக்கட்டும். அவ்வளவுதான்.

ஓட்டிலி


ஷ்னால்ஸ்
6 ஜனவரி 1955

அன்புள்ள தங்கை ஓட்டிலிக்கு,

மூன்று அரசர் திருநாள் வாழ்த்து. இங்கே எல்லோரும் சுகம். உன் செப்டம்பர் மாதக் கடிதத்தில் கோபம் இருந்தது. நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

நல்ல செய்தி. கிறிஸ்து பிறப்புக்கு முதல் நாள் எங்களுக்கு ஆண் குழந்தை பிறந்தது. சற்று அவசரப்பட்டு வந்துவிட்டான், ஆனால் நல்ல கனம். அப்பா பெயரையே வைத்து ஞானஸ்நானம் கொடுத்தாயிற்று. பண்ணைக்கு வாரிசு வந்துவிட்டான். பனி அதிகம், கோயிலுக்குப் போக விகில்தான் முன்னால் வழி வெட்டினான்.

சென்ஸிக்கு ஒத்தாசைக்கு அவள் அம்மா வந்திருக்கிறாள். வயதானவள், குளிர் தாங்க மாட்டாள், அதனால் சின்ன வீட்டை அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். விகில் தொழுவத்துக்கு மேலே வைக்கோல் அறைக்குப் போய்விட்டான். கேட்டவுடனே சரி என்றான். மாடுகளின் சூடு மேலே ஏறும், அடுப்பே தேவையில்லை. மேசையில் அவனுக்கு இடம் இருக்கிறது, நீ நினைப்பதுபோல் நான் ஒன்றும் விரட்டவில்லை. அவனே தட்டை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போய்விடுகிறான். படிக்கட்டில் ஐஸை வெட்டிச் சாம்பல் போடுகிறான், தொட்டிலுக்குக் கட்டை செதுக்கினான். அவனைப் பற்றி நீதான் வீணாகக் கவலைப்படுகிறாய்.

சென்ஸி இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை. குழந்தை பெற்ற உடம்பு, சரியாகிவிடும். ஆனால் மாட்டு வேலையும் வீட்டு வேலையும் சேர்த்து அவளால் முடியவில்லை. மெழுகுவர்த்தித் திருநாள் வருகிறது. உங்கள் பக்கத்தில் வேலைக்கு வர நல்ல பெண் யாராவது இருந்தால் சொல். எப்படிப்பட்டவள் என்று முன்போலவே விவரமாக எழுது. சென்ற முறை நீ எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

உன் அன்பு அண்ணன்
கசியான்